நேரமே எழும் பிள்ளையும் நேரங்கழித்து எழும் பிள்ளையும்

(கோவையில் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் கொங்குப் பகுதியில் 'சீக்கிரம் வா' என்று சொல்வது குறைவு. 'நாளைக்கு நேரமே வந்துரு' என்போம். வேறு மாவட்டங்களிலிருந்து மாறுதலில் வந்தவர்களுக்கு முதல் வாரம் இது கொஞ்சம் குழப்பும். நேரம் என்றாலே அது விடிகாலைதான் என்று முடிவு செய்துவிட்ட ஊர் இது. கறவை மாடும் சொசைட்டிப் பால் வண்டியும் தோட்டத்து வேலையும் நம்மை அப்படிப் பழக்கியிருக்கின்றன. ஆகவே வெய்யில் ஏறியும் தூங்குபவனுக்கு இங்கே நல்ல பெயர் கிடைப்பதில்லை. வீட்டில் அவன் சோம்பேறி. பள்ளிக்கு வந்து முதல் பாடவேளையில் கண் சொக்கினால் அங்கும் சோம்பேறி. அந்தப் பிள்ளைக்காகக் கொஞ்சம் வாதாடலாம் என்றுதான் இன்று வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு மரத்திலிருந்து தொடங்குவோம். பள்ளி வளாகத்தில் புளியமரம் இருந்தால் மாலையில் அதன் இலைகளைக் கவனிக்கச் சொல்லுங்கள். பொழுது சாயும்போது சிற்றிலைகள் கைகூப்பியது போல் மூடிக்கொள்ளும், காலையில் விரியும். வெளிச்சத்தைப் பார்த்துத்தான் இலை இப்படிச் செய்கிறது என்று பிள்ளைகள் சொல்வார்கள். 1729-ல் தெ மேரான் என்ற பிரெஞ்சு அறிஞர், இதே போல் இலை மூடும் தொட்டாற்சிணுங்கி வகைச் செடி ஒன்றை இருட்டில் வைத்துப் பார்த்தார். வெளிச்சமே இல்லாதபோதும் இலைகள் தம் நேரத்துக்கு விரிந்தன, மூடின. கடிகாரம் செடிக்குள்ளேயே இருக்கிறது என்பதற்குக் கிடைத்த முதல் சான்று அது. அந்தக் கடிகாரம் எந்த மரபணுக்களால், எப்படி ஓடுகிறது என்பதைப் பழ ஈயில் கண்டறிந்த ஹால், ரோஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கு 2017-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தத் துறையில் தமிழ்நாட்டுக்கும் நல்ல பங்கு உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம். கே. சந்திரசேகரனும் அவருடைய மாணவர்களும் உயிரியல் கடிகாரத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். இருண்ட குகையில் வாழும் வௌவால்களைக் கொண்டு அவர்கள் செய்த ஆய்வை வகுப்பில் கதையாகவே சொல்லலாம். குகைக்குள் ஒரு வௌவாலைக் கூண்டில் அடைத்தார்கள். சூரியன் மறைவதை அது பார்க்க முடியாது. ஆனாலும் சுற்றியிருந்த கூட்டம் மாலையில் கிளம்பிப் போவதையும் திரும்பி வருவதையும் ஒட்டியே அதன் விழிப்பும் உறக்கமும் அமைந்தன. கூட்டமே இல்லாத குகையில் தனியே வைத்தபோது அதன் கடிகாரம் நாளுக்கு நாள் தன் போக்கில் விலகிப் போனது. வெளியொளியும் கடிகாரமும் இல்லாத தனி அறைகளில் மனிதர்களைத் தங்கவைத்தும் அங்கே ஆராய்ந்தார்கள்.

மனிதரின் உட்கடிகாரம் சரியாக 24 மணி நேரம் ஓடுவதில்லை. சராசரியாகப் பத்துப் பதினோரு நிமிடம் கூடுதலாக ஓடுகிறது. காலை வெளிச்சம்தான் நாள்தோறும் அதைத் திருப்பி வைக்கிறது. ஆனால் சராசரி என்பது சராசரிதான். ஒருவருக்கு அது கொஞ்சம் வேகமாக ஓடும், இன்னொருவருக்கு மெதுவாக ஓடும். முன்னவர் ஒன்பதரைக்கே கொட்டாவி விடுவார். பின்னவருக்குப் பதினொன்றுக்குத்தான் மூளை தெளிவாகும். இந்த வேறுபாட்டில் கணிசமான பங்கு பரம்பரையாக வருவது. உயரத்தைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். உயரம் குறைந்த பிள்ளையை யாரும் ஒழுக்கக்குறைவு என்று திட்டுவதில்லை.

இதில் வயதும் சேர்ந்துகொள்கிறது. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளில் பெரும்பாலோர் நேரமே எழுபவர்கள். ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு எடுப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காலை உணவுத் திட்டத்தில் தட்டு வைப்பதற்கு முன்பே வந்து வளாகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் கூட்டம் அது. எட்டாம் வகுப்பை ஒட்டிக் கடிகாரம் பின்னோக்கி நகரத் தொடங்குகிறது. உறக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் சுரப்பு இரவில் தாமதமாகத் தொடங்குகிறது. ஏறத்தாழ இருபது வயதில் இந்தத் தாமதம் உச்சத்தைத் தொட்டு, பிறகு மெல்ல முன்னோக்கித் திரும்புகிறது. ஆகவே பன்னிரண்டாம் வகுப்பு மாணவனும் அவனுக்குப் பாடம் எடுக்கும் ஐம்பது வயது ஆசிரியரும் காலை எட்டு மணிக்கு ஒரே அறையில் இருந்தாலும் இருவரின் உடலுக்கும் அது ஒரே நேரம் இல்லை. விழித்திருப்பவர் தூங்குபவரைத் திட்டுகிறார், அவ்வளவுதான்.

கைபேசியை மறந்துவிட்டுப் பேசுவதாக நினைக்க வேண்டாம். இரவு வெளிச்சம் கடிகாரத்தை இன்னும் பின்னுக்குத் தள்ளும், உண்மை. ஆனால் கைபேசியைப் பிடுங்கி வைத்துவிட்டால் எல்லாப் பிள்ளைகளும் ஒன்பது மணிக்குத் தூங்கிவிடுவார்கள் என்ற எண்ணமும் சரியில்லை.

ஊர்க்கடிகாரத்திலும் ஒரு விஷயம் இருக்கிறது. இந்திய நேரம் கணக்கிடப்படுவது 82.5 பாகைத் தீர்க்கரேகையை வைத்து. கோவை இருப்பது ஏறத்தாழ 77 பாகையில். ஒரு பாகைக்கு 4 நிமிடம் வீதம், நம் சூரியன் கடிகாரத்துக்கு 22 நிமிடம் பின்தங்குகிறான். நம் பழைய கணக்கில் சொன்னால் கிட்டத்தட்ட ஒரு நாழிகை. ஜனவரி இறுதியில் கோவையில் சூரியன் எழ 6.45 ஆகிவிடுகிறது. அதே மாதத்தில்தான் நாம் பொதுத்தேர்வுக்கென்று காலைச் சிறப்பு வகுப்புகளைக் கூட்டுகிறோம். ஏழரை வகுப்புக்கு இரண்டு பேருந்து மாறி வரும் பிள்ளை இருட்டில் எழுந்து இருட்டில் குளிக்கிறது.

வீடுகளைப் பற்றி உங்களுக்கே தெரியும். 1888-ல் ஸ்டேன்ஸ் மில் வந்ததிலிருந்து, பிறகு 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்து மில்கள் பெருகியதிலிருந்து, கோவையின் நேரத்தைச் சங்கு தீர்மானித்தது. சங்கு ஓய்ந்த இடங்களிலும் ஷிப்ட் ஓயவில்லை. பெண்கள் இரவில் ஆலையில் வேலை செய்யக்கூடாது என்றிருந்த தொழிற்சாலைச் சட்டப் பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000-ல் செல்லாது என்றது. உரிமை என்ற வகையில் அது சரியான தீர்ப்பு. கூடவே, அம்மாவும் நைட் ஷிப்ட் போகும் வீடுகளும் வந்தன. சோமனூர், பல்லடம் பக்கம் தறிச் சத்தத்துக்கு அடுத்த அறையில் பிள்ளை படுக்கிறது. தோட்டத்து வீட்டில் மும்முனை மின்சாரம் இரவில் வந்தால் இரவில்தான் மோட்டார் ஓடும், அப்பாவோடு மகனும் மடை திருப்பப் போவான். குகை வௌவாலைப் போலத்தான். கூட்டம் எப்போது கிளம்புகிறதோ அப்போதுதான் குட்டிக்கும் விழிப்பு.

வகுப்பில் இதை அளந்து பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. ஜெர்மனியின் டில் ரோனபெர்க் குழுவினர் பரவலாக்கிய முறை. யாரும் எழுப்பாத விடுமுறை நாளில் எத்தனை மணிக்குத் தூங்கி எத்தனை மணிக்கு எழுகிறாய் என்று கேளுங்கள். இரண்டுக்கும் நடுப்புள்ளியைக் குறியுங்கள். பள்ளி நாளுக்கும் அப்படியே. ஒரு மாணவன் பள்ளி நாளில் பதினொன்றரைக்குத் தூங்கி ஐந்தரைக்கு எழுகிறான் என்றால் நடுப்புள்ளி இரண்டரை. ஞாயிறன்று ஒரு மணிக்குத் தூங்கி ஒன்பதுக்கு எழுந்தால் ஐந்து மணி. வித்தியாசம் இரண்டரை மணி நேரம். சவூதி அரேபியாவின் கடிகாரம் நம்முடையதைவிட அதே இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அதாவது பையனின் உடல் ரியாத்தில் இருக்கிறது, புத்தகப்பை மட்டும் பொள்ளாச்சிக்கு வந்திருக்கிறது. தூங்கியதும் ஆறே மணி நேரம். அந்த வயதுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரம் வேண்டும்.

கணித ஆசிரியர்கள் இதையே புள்ளியியல் பாடத்துக்குத் தரவாக வைத்துக்கொள்ளலாம். சராசரி, வீச்சு எல்லாம் அதில் வரும்.

வெளிநாடுகளில் பள்ளி தொடங்கும் நேரத்தையே மாற்றிப் பார்த்தார்கள். அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 2016-ல் உயர்நிலைப் பள்ளிகளை 7.50-லிருந்து 8.45-க்குத் தள்ளியது. பிள்ளைகள் இன்னும் தாமதமாகத்தான் தூங்கப் போவார்கள் என்று பலரும் சொன்னார்கள். அளந்தபோது சராசரியாக 34 நிமிடம் கூடுதலாகத் தூங்கினார்கள். கலிபோர்னியா 2022 முதல் உயர்நிலைப் பள்ளிகள் எட்டரைக்கு முன் தொடங்கக்கூடாது என்று சட்டமே ஆக்கிவிட்டது. நம் அரசுப் பள்ளிகள் ஒன்பதை ஒட்டித்தான் தொடங்குகின்றன. அந்த வகையில் நாம் ஏற்கெனவே நல்ல இடத்தில் இருக்கிறோம். அதைக் கெடுப்பது நாமே முன்னால் சேர்க்கும் சிறப்பு வகுப்பு.

சிறப்பு வகுப்பே வேண்டாம் என்று நான் சொன்னால் தலைமையாசிரியர்கள் என்னை இப்போதே அனுப்பிவிடுவார்கள். வேண்டுமென்றால் மாலையில் வையுங்கள். பெண் பிள்ளைகளின் பேருந்து நேரம் அதற்கு இடம் தராத ஊர்களில், காலையில் வைக்கும் வகுப்பை விருப்பமாக்கி, வர முடியாதவர்களுக்கு உணவு இடைவேளையில் அரை மணி ஒதுக்கலாம். பொதுத்தேர்வு காலை பத்து மணிக்குத்தான் தொடங்குகிறது. ஐந்து மணிக்கு எழுந்து படித்தவனுக்குத் தனி மதிப்பெண் எதுவும் இல்லை.

கால அட்டவணையிலும் கை வைக்கலாம். மேல்நிலை வகுப்புகளில் கணக்கு, இயற்பியல் இரண்டையும் வாரம் முழுக்க முதல் பாடவேளையில் போடும் வழக்கம் பல பள்ளிகளில் உண்டு. சுழற்சியில் விடுங்கள். தொடக்க வகுப்புகளுக்கு மாற்ற வேண்டாம், அவர்களுக்குக் காலைதான் நல்லது. காலை வழிபாட்டுக் கூட்டத்தை அறைக்குள் மாற்றிய பள்ளிகள் மழையில்லாத நாளில் திறந்த வெளிக்கே கொண்டுவரட்டும். உட்கடிகாரத்தை முன்னோக்கித் திருப்ப இளவெயிலைவிட நல்ல மருந்து இல்லை, செலவும் இல்லை.

முதல் பாடவேளையில் தூங்கும் பிள்ளையை எழுப்பி நிற்கவைப்பதற்குப் பதில், மாலையில் தனியே கூப்பிட்டு, "ராத்திரி எத்தனை மணிக்குக் கண்ணு தூங்குன? வீட்டுல யாரு நைட் ஷிப்டு?" என்று கேட்டுப் பாருங்கள். ஷிப்ட் வாரத்துக்கு வாரம் மாறும் வீடாக இருந்தால் பிள்ளை தூங்கும் வாரமும் மாறும். வருகைப் பதிவேட்டில் தாமதமாக வந்த நாட்களை அதோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். ஒரு மாதம் குறித்து வையுங்கள். அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு அந்தத் தாளையும் எடுத்துச் செல்லுங்கள், பிள்ளையின் பெயரை மற்றவர்கள் முன்னால் வாசிக்காமல்.