ஃபில்டருக்கு எண்ணெய் போட்டியா தம்பி?

இந்த வாரம் கோடிங், வேலை, அப்ரைசல் எதுவும் கிடையாது. ஒரு பழைய வண்டியை நான் எப்படிக் கெடுத்தேன்னு சொல்லப்போறேன். டூ-ஸ்ட்ரோக் வண்டியை மண்ணுல ஓட்டுற ஆளா நீங்க இருந்தா, இந்த எபிசோட் உங்களுக்கு ஒரு சிலிண்டரை மிச்சம் பண்ணிக் கொடுக்கும்.

வண்டி அப்பாவோட யமஹா ஆர்எக்ஸ் 100. 98 சிசி. இந்தியாவுல 1985-ல வந்து, 1996-ல உற்பத்தி நின்னுபோன மாடல். ஆம்பூர்ல தோல் கம்பெனி ஷிஃப்டுக்கு அப்பா அதுலதான் போய் வந்தார். நான் இப்போ பெங்களூருல வேலை பார்க்குறேன். ரெண்டு வாரத்துக்கு ஒருதடவை ரயிலேறி ஊருக்கு வருவேன். புதுசா டர்ட் பைக் வாங்க வசதி இல்ல. அதனால இந்த வண்டிக்கே பட்டன் டயர் போட்டேன், முன் மட்கார்டைத் தூக்கிக் கட்டினேன், 'லுக்'குக்காகச் செயின் கவரைக் கழட்டினேன். ஞாயித்துக்கிழமை ஆனா, ஊருக்கு வெளிய காஞ்சுபோன ஏரிக்குள்ள ஓட்டுவேன்.

ஒருநாள் ஏர் ஃபில்டரைத் திறந்தேன். உள்ள ஸ்பாஞ்ச் கறுப்பா, பிசுபிசுன்னு இருந்துச்சு. சோப்பு போட்டுப் பளிச்சுன்னு துவைச்சு, காயவெச்சு மாட்டினேன். நல்ல காரியம் பண்ணிட்டோம்னு பெருமை வேற. நாலஞ்சு ஞாயிறு போச்சு. கிக்கர் கால்ல லேசா இறங்க ஆரம்பிச்சது. இழுவையும் போச்சு.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு மெக்கானிக் பாய். அப்பா காலத்துல இருந்து இந்த வண்டியைப் பார்க்குறவர். கார்புரேட்டரைக் கழட்டி, ஃபில்டர்ல இருந்து வர்ற குழாய்க்குள்ள விரல் விட்டு என்கிட்ட நீட்டினார். விரல் முழுக்கச் செம்மண். "ஃபில்டருக்கு எண்ணெய் போட்டியா தம்பி?"

"அந்த எண்ணெயைத்தானே பாய் கழுவினேன்!"

அவர் சிரிக்கல. சிலிண்டர் சுவரை நகத்தால தடவச் சொன்னார். நகம் மாட்டுற அளவுக்குக் கோடு கோடா கீறல்.

ஏன் இப்படி ஆகுது?

ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டியில ஆயில் அடியில இருந்துகிட்டு சுத்திச் சுத்தி வரும். டூ-ஸ்ட்ரோக்ல அது கிடையாது. காத்தும் பெட்ரோலும் முதல்ல கிராங்க் கேஸுக்குள்ள போய், அப்புறம்தான் பிஸ்டனுக்கு மேல ஏறும். கூடவே வர்ற 2டி ஆயில் போற வழியில பேரிங், பிஸ்டன் எல்லாத்தையும் நனைச்சுட்டு, பெட்ரோலோட சேர்ந்து எரிஞ்சு வெளிய போயிடும். மண்ணும் அதே வழியிலதான் வரும்.

ஸ்பாஞ்ச் ஃபில்டர்ல மண்ணைப் பிடிக்கிற வேலையைச் செய்யுறது அந்தப் பிசுபிசுப்புதான். எண்ணெய் இல்லாத ஸ்பாஞ்ச்ல காத்தோட பொடிமண்ணும் தாராளமா உள்ள போகும்.

ஃபில்டர் எப்படிக் கழுவணும்?

மண்ணுல ஓட்டின ஒவ்வொரு தடவையும் கழுவணும். முதல்ல மண்ணெண்ணெய் அல்லது டீசல்ல அலசுங்க. பெட்ரோல் வேண்டாம், தீப்பிடிக்கும், ஒட்டுப்பசையும் விட்டுப்போகும். அப்புறம் சோப்புத் தண்ணி. துணி மாதிரி முறுக்கக் கூடாது, கிழிஞ்சிடும். ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல வெச்சு அழுத்துங்க. நிழல்ல முழுசா காயட்டும். ஃபில்டர் ஆயிலை எல்லாப் பக்கமும் ஊறுற மாதிரி தடவி, மிச்சத்தைப் பிழிஞ்சு எடுத்துடுங்க. பாக்ஸ் விளிம்புல லேசா கிரீஸ் தடவி மாட்டுங்க. பாய் மாதிரியே அப்பப்போ குழாய்க்குள்ள விரல் விட்டுப் பாருங்க. விரல் சுத்தமா வரணும்.

ஆயில்

ஆர்எக்ஸ்ல 2டி ஆயிலுக்குத் தனி டேங்க், தனி பம்ப். கிளம்புறதுக்கு முன்னாடி அளவைப் பாருங்க. ஆயில் குழாயை யாராவது கழட்டி மாட்டியிருந்தா, உள்ள காத்துக் குமிழி இருக்கான்னு பாருங்க. டேங்க் நிறைய ஆயில் இருந்தும் குமிழியால இன்ஜின் சீஸ் ஆகலாம்.

பம்பைக் கழட்டிட்டு, பழைய டிவிஎஸ் 50 மாதிரி பெட்ரோல்லயே கலக்குறவங்களும் உண்டு. லிட்டருக்கு 20 மில்லின்னா 50-க்கு 1. 25 மில்லின்னா 40-க்கு 1. உங்க இன்ஜினுக்கு எதுன்னு தெரிஞ்சுகிட்டு, அளந்து ஊத்துங்க. கூட ஊத்தினா நல்லதுன்னு நினைக்காதீங்க. ஆயில் ஏறுற அளவுக்கு அதே கலவையில பெட்ரோல் குறையும், இன்ஜின் சூடாகும்.

கலக்கி ஓட்டுறவங்க ஏலகிரியில இருந்து இறங்கும்போது கவனம். 14 கொண்டை ஊசி வளைவையும் த்ராட்டிலை மூடிக்கிட்டே, இன்ஜின் பிரேக்கிலயே இறங்கினா, பெட்ரோல் போகாது. அதனால ஆயிலும் போகாது. நடுநடுவுல கிளட்ச் பிடிச்சு லேசா முறுக்கி விடுங்க.

பிளக்தான் லாக் ஃபைல்

நம்ம பாஷையில சொன்னா அப்படித்தான். பிளக்கைக் கழட்டிப் பாருங்க. காப்பி நிறமா, நல்லது. கறுப்பா ஈரமா, பெட்ரோலோ ஆயிலோ அதிகம். வெள்ளையா வெளுத்திருக்கா, வண்டியை நிறுத்துங்க. காத்து அதிகமா போகுது. கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவுல இருக்குற ரப்பர்ல வெடிப்பு இருக்கான்னு பாருங்க. த்ராட்டிலை விட்டதும் ஆர்பிஎம் இறங்காம நிக்குறதும் இதே சந்தேகத்துக்குரிய அறிகுறிதான்.

மத்ததெல்லாம் சுருக்கமா. செயின் கவரை நான் திரும்ப மாட்டிட்டேன். மண்ணுல அதோட அருமை தெரியும். கியர் ஆயில் தனி, அதையும் காலாகாலத்துல மாத்தணும். நிஜமான டர்ட் பைக்குகளுக்குச் சர்வீஸ் கணக்கே கிலோமீட்டர்ல இல்ல, ஓடின மணிக்கணக்குலதான். நானும் இப்போ போன்ல மணி எழுதி வெக்குறேன்.

கழுவின எண்ணெயை எங்க ஊத்துறது?

சாக்கடையில மட்டும் வேண்டாம். நம்ம ஊருக்கு இது சும்மா அறிவுரை இல்ல. பாலாத்துலயும் நிலத்தடியிலயும் தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்த வழக்குலதான், 1996 ஆகஸ்ட் 28-ல உச்ச நீதிமன்றம் மாசு பண்ணினவரே அதுக்கான செலவை ஏத்துக்கணும்னு தீர்ப்பு சொன்னது. ஆர்எக்ஸ் நின்னுபோன அதே வருஷம். எங்க வீட்டுச் சோறு அந்தத் தொழில்ல இருந்து வந்தது. வீட்டுக் கிணத்துத் தண்ணியைக் குடிக்க முடியாமப் போனதும் அதனாலதான். அதனால பழைய கியர் ஆயில், அழுக்கு மண்ணெண்ணெய் ரெண்டையும் கேன்ல பிடிச்சு, கழிவு ஆயில் சேகரிக்கிற கடையில கொடுத்துடுறேன்.

சரி, வண்டி என்ன ஆச்சு? சிலிண்டரை போர் பண்ணி 0.25 ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டாங்க. அப்பா திட்டல. "இத்தனை வருஷமா ஸ்டாண்டர்ட்லயே இருந்துச்சுப்பா" என்று மட்டும் சொன்னார். ஒவ்வொரு போருக்கும் சுவர் கொஞ்சம் தேயும். அதுக்கு மேல முடியாதுன்னு ஒரு எல்லை இருக்கு. கம்பெனியில இருந்து புதுசா இனி வராது. அதான் மனசைக் குத்துச்சு.

இப்போ ஞாயித்துக்கிழமை நான் ஹெல்மெட்டைக் கையில எடுத்ததுமே, திண்ணையில இருந்து பேப்பரை இறக்காமலே ஒரு குரல் வரும்: "ஃபில்டர் பார்த்தியா?"

பார்த்துட்டேன்பா.

நீங்களும் பார்த்துடுங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.