கோதாவுக்கு வெளியே பார்த்த கண்

(கல்முனையில் நடைபெற்ற நினைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



மருதமுனையிற் பிறந்து, கொழும்பிலே படக்கலை பயின்று, மீண்டும் இக்கரைக்கே வந்து வாழ்ந்து மறைந்த நம் காக்காவைத் திருமண வீட்டுப் படக்காரராகவே ஊரார் அறிவர். இளமையில் அவர் தொழில்முறை மல்யுத்தத்தைப் படம் பிடித்தவர் என்பதை அறிந்தோர் சிலரே. அதைச் சொல்லவே நான் இங்கு நிற்கிறேன்.

தாராசிங், கிங்காங் என்னும் பெயர்களைக் கேளாத முதியவர் நம்மிடையே உண்டோ? பஞ்சாபில் 1928இல் பிறந்த தாராசிங்கும், ஐரோப்பாவிலிருந்து வந்து ஆசியாவெங்கும் மல்லாடிய கிங்காங்கும் மோதுகிறார்கள் என்றால் மக்கள் வெள்ளமெனத் திரண்ட காலம் அது. 1968இல் பம்பாயிலே அமெரிக்க மல்லர் லூ தெஸ்ஸைத் தாராசிங் வென்றபோது அவர் புகழ் உச்சியை எட்டியது. கிங்காங் 1970இல் மோட்டார் விபத்தின் பின் மறைந்தார்; தாராசிங் 2012இல் மறைந்தார்.

சீனடியும் சிலம்படியும் கற்ற நம் பெரியவர்கள், "இது பேசி வைத்த சண்டை" என்று நகைத்ததுண்டு. உண்மைதான். வெற்றி யாருக்கு என்பது அங்கே பெரும்பாலும் முன்பே முடிவாகிவிடும். பிரெஞ்சு அறிஞர் ரோலாண் பார்த் 1957இல் வெளியிட்ட நூலின் முதற் கட்டுரையிலேயே, இது விளையாட்டன்று, காட்சியே என்று எழுதினார். ஆயினும் தூக்கி எறியப்படுபவனின் முதுகு பலகையில் மோதத்தானே செய்கிறது? முடிவு ஏற்பாடு, வலி மெய்.

அந்நாளில் அவர் கையிலிருந்த கமராவில் ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படங்களே எடுக்கலாம். ஒவ்வொரு படமும் காசு. அந்தப் பன்னிரண்டில் பாதியை அவர் மல்லர்மீது செலவிடவில்லை. கோதாவைச் சுற்றியிருந்த மக்கள்மீது செலவிட்டார். பல்லைக் கடித்த கூலியாள், கண்ணீர் விட்ட கிழவர், தந்தையின் தோளில் அமர்ந்து முட்டியை உயர்த்திய சிறுவன்! ஏன் என்று கேட்டேன். "தம்பி, மல்லனுக்கு முடிவு தெரியும். பார்க்கிறவனுக்குத் தெரியாது. நான் தெரியாதவனைத்தான் எடுத்தேன்" என்றார்.

தோழர்களே! இச்சொல் மல்யுத்தத்துக்கு மட்டுமா பொருந்தும்? தமிழரென்றும் முஸ்லிம்களென்றும் இக்கரையிலே நம்மை மோதவிடும் மேடைகளைக் கண்டிருக்கிறோம். மேடையில் முழங்கியவர்கள் மறுநாள் கைகுலுக்கிக் கொள்வார்கள். கீழே நின்று கேட்டவனோ பகையை வீடுவரை சுமந்து செல்கிறான். அடுத்த வயற்காரனோடு தண்ணீரைப் பங்கிட வேண்டியவன் அவன்தான். அவன் முகத்தைப் பார்க்கக் கற்றுத் தந்தவர் நம் நண்பர். கல்யாண வீட்டிலும் மாப்பிள்ளையை எடுத்த பின், சோறு சமைத்தவர்களைத் தேடிச் சென்று படம் பிடித்தவர் அவர்.

2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கியபோது இலங்கையிலேயே மிகுதியான உயிர்களை இழந்தது நம் அம்பாறை மாவட்டம். எத்தனையோ வீடுகளில், மாண்டவரின் முகம் காட்ட ஒரு படங்கூட மிஞ்சவில்லை. அன்று பலர் இவர் வாசலுக்கு வந்தனர். தப்பிய நெகட்டிவ்களிலிருந்து உம்மாவின் முகத்தையும் பிள்ளையின் முகத்தையும் அச்சிட்டுக் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

அவர் விட்டுச்சென்ற பெட்டிகள் இன்று அழிவை நோக்கி நிற்கின்றன. உப்புக் காற்றும் ஈரமும் படச்சுருளுக்குப் பகை. வினாகிரி மணம் வீசத் தொடங்கிய சுருளை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்தாக வேண்டும். பொலித்தீன் பையில் அடைக்காது, அமிலமற்ற கடதாசி உறையிலிட்டு, குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். மின்வடிவிலே படியெடுக்க வேண்டும். தமிழ் பேசும் மக்களின் ஆவணங்களை 2005 முதல் அவ்வாறு காத்துவரும் நூலக நிறுவனம் நமக்கு வழிகாட்டியாக இருக்கிறது.

பொறியியலாளர்களே, ஆசிரியர்களே, உங்கள் ஓய்வு நாளில் ஒன்றைத் தாருங்கள். உழவர் பெருமக்களே, நீங்கள் வந்து அந்த முகங்களைப் பார்த்துப் பெயர் சொல்லுங்கள். பென்சிலால் உறைமேல் எழுதி வைப்போம். பெயர் தெரிந்த முதியவர்கள் இருக்கும்போதே இதைச் செய்தாக வேண்டும்.

கண்ணீர் போதும், பெட்டியைத் திறப்போம்.