ஒரே காற்றை இருமுறை அளந்தவர்கள்

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



வைத்தியர் நோயைப் பற்றித்தான் பேசுவார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். இன்று எனது நோயாளி வடதுருவத்து வானம்.

உள்ளே குருதி கசியும் ஒருவருக்கு இரத்தம் ஏற்றிக்கொண்டிருக்கிறோம். ஈமோகுளோபின் குறையவில்லை. அதனால் கசிவு நின்றுவிட்டது என்று சொல்லலாமா? துருவக் குளிர்காலத்திலும் இதே சிக்கல்தான். படைமண்டலத்தில் வெப்பநிலை மறை 78 பாகை செல்சியசிலும் தாழும்போது முகில்கள் உருவாகின்றன. அம்முகில் துணிக்கைகளின் மேற்பரப்பில், சீஎப்சீ வாயுக்களிலிருந்து வந்த குளோரின் செயலூக்கம் பெறுகிறது. வெயில் பட்டதும் ஓசோனை அழிக்கிறது. அதே காலத்தில் மேலிருந்து ஓசோன் செறிந்த காற்று இறங்கி அந்த இழப்பை மறைத்துவிடுகிறது.

1990களில் விஞ்ஞானிகள் கையாண்ட வழி, ஒரே காற்றை இருமுறை அளப்பது. ஒரு நிலையத்தில் பலூன் விடுவார்கள். அதில் தொங்கும் சிறு கருவி காற்றைப் பொற்றாசியம் அயடைட்டுக் கரைசலினூடாகச் செலுத்தும். ஓசோனுக்கேற்ப மின்னோட்டம் உண்டாகும். அந்தக் காற்று எங்கே போகிறதென்று கணித்து, சில நாட்களின் பின் அது இன்னொரு நிலையத்தைக் கடக்கும்போது அங்கிருந்தும் பலூன் விடுவார்கள். இரண்டு அளவுகளுக்கும் உள்ள வித்தியாசமே உண்மையான அழிவு.

தங்கைமாரே, 1986இல் அந்தாட்டிக்காவுக்கு ஓசோன் ஆய்வுக்குழுவைத் தலைமைதாங்கி அழைத்துச் சென்ற சுசான் சொலமனுக்கு அப்போது வயது 30. நிலவொளியைக்கொண்டும் அங்கே வானத்தை அளந்தார்கள். அடுத்த ஆண்டு மொன்றியல் உடன்படிக்கை கைச்சாத்தானது.

அது எங்கள் மருத்துவத்தையும் தொட்டது. தொய்வு நோயாளரின் பம்புகளிலும் அன்று சீஎப்சீதான் உந்துவாயு. மூச்சைக் காத்த மருந்து, கழியூதாக் கதிரிலிருந்து எம்மைக் காக்கும் படையைக் கெடுத்தது. ஆனாலும் நோயாளரை எவரும் கைவிடவில்லை. மாற்று வரும்வரை உடன்படிக்கை விலக்களித்தது. மாற்று வந்தபின் பழையது நிறுத்தப்பட்டது.

"தடைசெய்தாயிற்று, இனி ஏன் அளக்க வேண்டும்?" என்று கேட்பவர்கள் உண்டு. சீஎப்சீ பல தசாப்தங்கள் வளியில் தங்கும். 2020 வசந்தத்தில், கடுங்குளிர் நீடித்ததால், வடதுருவத்தின் மேல் சுமார் 18 கிலோமீற்றர் உயரத்தில் ஓசோனின் பெரும்பகுதி அழிந்தது. நோயாளி தேறிவருகிறார், உண்மைதான். ஆனால் தேறிவருபவரையும் கிளினிக்குக்கு வரச்சொல்வதுதான் எங்கள் தொழில். அளப்பதை நிறுத்தினால், மீண்டும் நோய் வந்தாலும் எமக்குத் தெரியாது.