பச்சைத் தண்ணீர் ஸ்நானமும் தேக சுகமும்

வைகறையில் எழுந்து பச்சைத் தண்ணீரில் முழுகுதல் புண்ணியம் என்று பாட்டிமார் கூறுவர். அது வீண் நடுக்கம் என்று பேரப்பிள்ளைகள் கூறுவர். இவ்விரு கட்சியாரும் தர்க்கித்துக்கொண்டிருக்கையில் வெந்நீர் அண்டா அடுப்பிலே கொதித்துக்கொண்டிருக்கும் இல்லங்கள் பல. இவ்விஷயத்தில் புதுக்கோட்டைச் சீமையின் மலைச் சுனைகள் சொல்லும் சேதி ஒன்று உண்டு. பிற தேசங்களில் பரீக்ஷித்தவர்கள் கண்ட சேதி மற்றொன்று உண்டு. இரண்டையும் சேர்த்து நோக்கினாலன்றி இந்த ஸ்நானத்தின் பயன் எவ்வளவு, எதுவரையில் என்பது விளங்காது.

புதுக்கோட்டையினின்று திருச்சிராப்பள்ளி செல்லும் மார்க்கத்தில் நார்த்தாமலை இருக்கிறது. விஜயாலய சோழீச்சரம் நிற்கும் மேலமலையில் தலைஅருவிச் சிங்கம் என்று வழங்கும் ஒரு சுனை உண்டு. அச்சுனையின் அடியில், நீருக்குள்ளே, பாறையைக் குடைந்த சிறு கோயிலில் ஒரு லிங்கம் இருக்கிறது. அதற்கு ஜுரஹரேசுவரர் என்று பெயர்; ஜுரத்தைப் போக்குபவர் என்பது பொருள். 1857-ஆம் வருஷத்தில் இராமச்சந்திர தொண்டைமானின் ராணியார் சுனை நீரை இறைக்கச் செய்து அந்த லிங்கத்தைத் தரிசித்து வழிபட்டார் என்னும் செய்தி அங்கே கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஏனைய காலங்களில் அவருக்குப் பெரும்பாலும் ஜலவாசமே. ஜுரம் தணிக்கும் தெய்வத்தைக் குளிர்ந்த நீரின் அடியிலே வைத்த முன்னோர், உஷ்ணத்துக்குக் குளிர்ச்சியே மாற்று என்று எவ்வளவு உறுதியாகக் கருதினார்கள் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

அதே நார்த்தாமலையில்தான் முத்துமாரியம்மன் கோயிலும் இருக்கிறது. அம்மை கண்டவர்க்கு வேப்பிலையும், இறங்கியபின் தலைக்கு நீரும் விடும் வழக்கம் அக்கோயிலைச் சுற்றியுள்ள கிராமங்களில் இன்றும் உண்டு. ஆயினும் ஒன்றை மறைக்கலாகாது. பெரியம்மை என்னும் கொடிய வியாதி உலகத்தை விட்டே ஒழிந்ததாக 1980-ஆம் வருஷத்தில் அறிவிக்கப்பட்டது. அதை ஒழித்தது குளிர்ந்த நீரன்று. அம்மை குத்தும் ஊசி. நீர் உடலின் வேதனையைத் தணித்தது. வியாதியின் வித்தை அழிக்கவில்லை. இந்தப் பேதத்தை அறியாதவர்களே தண்ணீர் ஸ்நானத்தைச் சர்வரோக நிவாரணி என்று புகழ்ந்து, பின்பு அது பலிக்காதபோது இகழவும் செய்கிறார்கள்.

இனி ஆன்ம சாதனை என்னும் பக்ஷத்தைப் பார்க்கலாம். மார்கழி நீராட்டமும், பரிபாடல் காலத்துத் தைந்நீராடலும் தமிழர்க்குப் புதியன அல்ல. சபரிமலைக்கு மாலையிட்டவர் 41 நாட்கள் காலையும் மாலையும் பச்சைத் தண்ணீரில் முழுகுகிறார். இவற்றைக் கண்டு, நீரின் குளிர்ச்சியிலேயே புண்ணியம் கரைந்திருப்பதாகச் சிலர் எண்ணுவர். அவர்கள் சித்தன்னவாசல் மலைக்கு ஒரு தரம் சென்று வருதல் நலம். அங்கே ஏழடிப்பட்டம் என்னும் குகையில் 17 கற்படுக்கைகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றின் அருகே தமிழ் பிராமி எழுத்துள்ள மிகப் பழைய சாசனமும் உண்டு. அவை ஜைன முனிவர்கள் தவமிருந்த இடம். திகம்பர முனிவர்க்கு விதித்த ஒழுக்கங்களில் ஒன்று ஸ்நானம் செய்யாமை! நீரில் வாழும் நுண்ணுயிர்க்கும் துன்பம் செய்யலாகாது, தேகத்தை அலங்கரிக்கலாகாது என்பது அவர்கள் கொள்கை. அந்த மலையிலேயே நவச்சுனை என்னும் நீர்நிலையும், நீரில் மூழ்கிய குகைக்கோயிலும் இருக்கின்றன. கீழே அறிவர் கோயிலின் விதானத்திலோ தாமரைத் தடாகம் ஒன்று மீன்களும் யானைகளும் மலர் பறிப்போருமாக வர்ணத்தில் தீட்டப்பட்டிருக்கிறது. ஆகவே ஒரே மலையில் நீராடுதலும் விரதம், நீராடாமையும் விரதம். இரண்டுக்கும் பொதுவாய் நின்றது நீரன்று. மேற்கொண்டதைத் தினமும் வழுவாது செய்யும் மனவுறுதி.

அந்த உறுதியைப் பழக்குவதற்குத் தண்ணீர் ஸ்நானம் மிகவும் இசைந்த சாதனம் என்பதை மறுப்பதற்கில்லை. முதற் செம்பைத் தலையில் கவிழ்ப்பதற்கு முந்திய அந்தக் கணத்தில் எத்தனை சாக்குகள் மனத்தில் தோன்றுகின்றன! இன்று மேகமாக இருக்கிறது, தொண்டை கரகரக்கிறது, நாளை முதல் தொடங்கலாம் என்று மனம் வழக்காடும். அதைக் கேளாமல் நீரை ஊற்றிக்கொண்டவன் அன்றைய தினத்தில் ஒரு வழக்கை வென்றவனாகிறான். கைச்செலவும் இல்லை.

மேல்நாட்டிலும் இந்த வழக்கை நடத்தினவர் உண்டு. ஜெர்மனி தேசத்துப் பவேரியாவில் 1821-ஆம் வருஷத்தில் ஒரு நெசவாளியின் மகனாய்ப் பிறந்த செபஸ்தியான் நைப் என்பவர், குருப்பட்டத்துக்குப் படிக்கையில் க்ஷயரோகத்தால் மெலிந்தார். 1849-ஆம் வருஷத்து மாரிக்காலத்தில் டான்யூப் நதியின் குளிர்நீரில் சில கணங்களே முழுகி, ஓட்டமாய் ஓடி உடலைச் சூடேற்றிக்கொள்ளலானார். தேறிக் குருவும் ஆனார். பின்னர் தம் நீர்ச் சிகிச்சையைப் பற்றி 1886-இல் வெளியிட்ட நூல் பல தேசங்களில் பரவிற்று. அதே ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து லூயி கூனே என்பவரின் இடுப்பு ஸ்நான முறையைக் காந்தியடிகள் படித்துத் தாமே கைக்கொண்டார். இவர்கள் சொன்ன எல்லாவற்றையும் இக்காலத்து வைத்திய சாஸ்திரம் ஒப்பவில்லை. நீரால் க்ஷயம் தீராது; அதற்கு மருந்து வேறு.

ஒப்புவது எது? நெதர்லாந்து தேசத்தில் 3,018 பேரைக் கொண்டு ஒரு பரீக்ஷை நடத்தி 2016-இல் வெளியிட்டார்கள். சிலர் வழக்கமான வெந்நீர் ஸ்நானத்தின் முடிவில் 30 விநாடியும், சிலர் 60 விநாடியும், சிலர் 90 விநாடியும் குளிர்நீரில் நின்றார்கள். ஒரு பகுதியார் நிற்கவில்லை. முப்பது நாட்கள் இவ்விதம் செய்தபின் கணக்கெடுத்ததில், குளிர்நீரில் நின்றவர்கள் நோயென்று வேலைக்கு வாராத நாட்கள் நூற்றுக்கு 29 குறைவாயிருந்தன. ஆனால் நோயுற்றிருந்த நாட்கள் குறையவில்லை! சளியும் இருமலும் மற்றவர்க்கு வந்த அளவே இவர்களுக்கும் வந்தன. இவர்கள் படுத்துக்கொள்ளாமல் எழுந்து வேலைக்குச் சென்றார்கள். மேலும் 30 விநாடிக்கும் 90 விநாடிக்கும் பயனில் வித்தியாசம் காணப்படவில்லை. நெடுநேரம் நடுங்கி நிற்பதே தவம் என்போர் இதைச் சற்று ஆலோசிக்க வேண்டும். நோயைத் தடுப்பதைவிட, நோயைப் பொறுத்து நிற்கும் ஊக்கத்தை நீர் தருகிறது என்றே இதனால் ஊகிக்கலாம். பாட்டிமார் சொன்னதற்கும் இது வெகு தூரமில்லை.

அந்நாட்டுக் குழாய் நீரின் குளிர் வேறு, இந்நாட்டுக் குளிர் வேறு என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். ஆழ்கிணற்று நீர் ஆண்டு முழுதும் ஏறக்குறைய ஒரே உஷ்ணத்தில் இருக்கும். அதனால்தான் மார்கழி விடியலில் அது வெதுவெதுப்பாயும் சித்திரை நண்பகலில் குளுமையாயும் தோன்றுகிறது. இரவெல்லாம் பனியில் கிடந்த குளத்து நீரே மார்கழியில் அதிகம் சில்லென்றிருக்கும். ஆதலின் புதிதாய்த் தொடங்குவோர் கிணற்றடியில் தொடங்குவது உத்தமம். முதலில் பாதம், பிறகு முழங்கால், கைகள், முதுகு, கடைசியில் தலை என்று ஊற்றிக்கொண்டால் மூச்சுத் திணறாது. திடீரென்று மிகக் குளிர்ந்த நீரில் குதித்தால் மூச்சு தன்வசமின்றி இழுக்கும். இரத்தக் குழாய்கள் சுருங்கி இருதயத்துக்குப் பளு ஏறும். இருதய நோயாளரும், இரத்த அழுத்தம் மிகுந்தவரும், முதியோரும் வைத்தியரைக் கேளாது இதில் இறங்கலாகாது. காக்காய்வலிப்பு உள்ளவர் எந்நாளும் தனியே நீர்நிலையில் இறங்கலாகாது. எண்ணெய் தேய்த்துக்கொண்ட நாளில் வெந்நீரே முறை. அதில் வீரம் காட்டுவதற்கு ஒன்றுமில்லை.

இவ்வளவு சொல்லியும், நீர் அசுத்தமாயிருந்தால் எல்லாம் வீண். ஊருணி குடிப்பதற்கு, குளம் குளிப்பதற்கு, ஏந்தல் கால்நடைக்கும் பயிருக்கும் என்று பிரித்து வைத்த முன்னோர் ஏடு படித்து அப்படிச் செய்யவில்லை, நோய்ப்பட்டுக் கற்றார்கள். நரம்புச் சிலந்தி என்னும் வியாதியே போதிய உதாரணம். புண்ணிலிருந்து புழு நீளும் காலை ஒருவர் எரிச்சல் தணிக்கக் குளத்திலோ படிக்கிணற்றிலோ வைப்பார். புழு தன் குஞ்சுகளை நீரில் விடும். அவற்றைச் சிறு நீர்ப்பூச்சிகள் விழுங்கும். அந்நீரைக் குடித்தவர் உடலில் ஓராண்டு கழித்துப் புழு வளர்ந்து வெளிவரும். குளிர்ச்சி தேடிய ஒருவர் காலால் ஊரே நொண்டியது. நீரை வடிகட்டிக் குடித்தும், படிக்கிணறுகளை மாற்றியும், இந்த வியாதியை இந்தியா அறவே நீக்கிவிட்டது. கடைசி நோயாளி காணப்பட்டது 1996-இல். உலக சுகாதார ஸ்தாபனம் 2000-இல் அதற்கு அத்தாட்சி அளித்தது. மருந்தில்லாமலே தீர்ந்த நோய் அது.

மற்றொரு அசுத்தம் உண்டு; அது நீரில் இல்லை, படித்துறையில் இருக்கிறது. ஒரு சாரார் இறங்கிய துறையில் மற்றொரு சாரார் இறங்கலாகாது என்று நெடுங்காலம் தடுத்தார்கள். அதிகாலை ஸ்நானத்தின் மகிமையைப் பிரசங்கிப்போர், ஒரு குடம் நீருக்கே அயலார் தயவை எதிர்பார்த்து நின்ற குடும்பங்களைப் பற்றிப் பேசியது குறைவு. 1927-இல் மகாட் என்னும் ஊரில் டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களுடன் பொதுக்குளத்தில் இறங்கி நீர் பருகியதற்காக அவர்கள் தாக்கப்பட்டார்கள். 1950-இல் அமலுக்கு வந்த இந்திய அரசியல் சட்டத்தின் 15-ஆவது பிரிவு, கிணறு, குளம் ஆகியவற்றோடு குளிக்கும் படித்துறையையும் பெயர் சொல்லியே குறித்து, அங்கே ஜாதி பற்றி எவரையும் தடுக்கலாகாதென்று விதித்தது. தடுக்கப்பட்ட துறையில் நித்தம் மூன்று முழுக்குப் போடுவதால் தடுத்தவர்க்கு என்ன சுத்தி உண்டாகும் என்பதை அவரவரே யோசிக்கட்டும்.

குளிர்ந்த நீர் உண்மையாகவே உயிர் காக்கும் சமயம் ஒன்று இச்சீமையில் வருஷந்தோறும் வருகிறது. பங்குனி, சித்திரை வெயிலில் வயலிலோ திருவிழாவிலோ ஒருவர் உடல் அனலாய்க் கொதித்து, பிதற்றி, மயங்கி விழுந்தால், அது வெயில் தாக்கியது. அவரை நிழலுக்குத் தூக்கிச் சென்று, மேலாடையைத் தளர்த்தி, உடல் முழுதும் தாராளமாய்த் தண்ணீர் ஊற்றி விசிறவேண்டும். ஆஸ்பத்திரி வண்டிக்குச் சொல்லியனுப்பிவிட்டு, அது வரும்வரை நிறுத்தலாகாது. மயங்கினவர் வாயில் நீர் வார்க்கலாகாது; மூச்சடைக்கும். சாதாரண ஜுரத்தில் இவ்வளவு வேண்டியதில்லை. ஜில்லென்ற நீர் நடுக்கத்தை உண்டாக்கி உஷ்ணத்தையே ஏற்றும். நார்த்தாமலைப் பங்குனித் திருவிழாவுக்குப் பால்குடம் எடுத்து வெறுங்காலோடு வருவோர் பலர். வழியிலுள்ள கிராமத்தார் நீர்மோர்ப் பந்தல் போடும்போது, மோர்ப் பானைக்குப் பக்கத்திலே நிழலில் இரண்டு தொட்டி தண்ணீரும், ஒரு செம்பும், நாலு ஓலை விசிறியும் சேர்த்து வைப்பார்களாக.