வட்டிக் கணக்கு

இன்றைய பேச்சு கடனைப் பற்றியது. கடன் வாங்காத ஏழை வீடு எங்கே இருக்கிறது? பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கடன். பள்ளிக்கூடம் திறந்தால் கடன். மழையில் கூரை ஒழுகினால் கடன். வீட்டில் இரண்டு பேர் சம்பாதித்தாலே கஷ்டம். ஒரு தாய் மட்டும் தனியாகச் சம்பாதித்துப் பிள்ளைகளை வளர்த்தால் எவ்வளவு கஷ்டம்! அவள் படுத்துவிட்டால் அன்றைக்கு அடுப்பு எரியாது.

மகாராஷ்டிர மாநிலத்தில் புனே என்று ஒரு பெரிய நகரம் இருக்கிறது. 1848-இல் சாவித்திரிபாய் புலேயும் அவருடைய கணவர் ஜோதிராவ் புலேயும் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கிய ஊர் அது. அந்த ஊரில் தெருத் தெருவாக நடந்து பழைய காகிதம், கண்ணாடி, தகரம் பொறுக்கிப் பிழைப்பவர்கள் பல ஆயிரம் பேர். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கணவனை இழந்தவர்களும் கணவன் கைவிட்டவர்களும் அவர்களில் பலர்.

மராத்தி மொழியில் தாயை ஆயி என்று அழைப்பார்கள். அப்படி ஓர் ஆயியை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். இவள் கணக்குக்காகச் சொல்லப்படும் ஆயி. ஆனால் இவளுடைய கஷ்டம் பலருடைய கஷ்டம்.

ஆயிக்குக் கணவன் இல்லை. இரண்டு பிள்ளைகள். மகளுக்கு நோய் வந்தது. வட்டிக்காரரிடம் 10,000 ரூபாய் வாங்கினாள். பத்து வட்டி. அதாவது நூறு ரூபாய்க்கு மாதம் பத்து ரூபாய். மாதம் 1,000 ரூபாய் வட்டி கட்டினாள். பன்னிரண்டு மாதம் கட்டினாள். எவ்வளவு ஆயிற்று? 12,000 ரூபாய். வாங்கியதைவிட அதிகம். சரி, கடன் தீர்ந்ததா? தீரவில்லை. அசல் 10,000 ரூபாய் அப்படியே நிற்கிறது.

வட்டி கட்ட முடியாமல் போனால் என்ன ஆகும்? வட்டிக்காரர் அதையும் அசலோடு சேர்ப்பார். ஒரு மாதம் கட்டாவிட்டால் 10,000 ரூபாய் 11,000 ஆகும். இரண்டு மாதத்தில் 12,100. மூன்று மாதத்தில் 13,310. வட்டிக்கும் வட்டி ஏறுகிறது.

காயலான் கடைக்காரரிடம் முன்பணம் வாங்குவோரும் உண்டு. அந்தக் கடனுக்குக் கட்டுப்பட்டு, பொறுக்கிய சரக்கை அவரிடமே போட வேண்டும். அவர் சொன்னதுதான் விலை. வேறு கடையில் கூடுதல் விலை கிடைத்தாலும் போக முடியாது. இதுவும் வட்டிதான். கண்ணுக்குத் தெரியாத வட்டி.

கடைசியில் என்ன நடக்கிறது? பிள்ளையின் படிப்பு நிற்கிறது. தாயின் பின்னால் பிள்ளையும் சாக்குப் பையைத் தூக்குகிறது. வட்டி பிள்ளையின் படிப்பையே தின்றுவிடுகிறது.

இதற்கு வழி என்ன? புனேயில் அதற்கு ஒரு வழி பிறந்தது. 1990-ஆம் ஆண்டு வாக்கில் எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்தின் வயதுவந்தோர் கல்வித் துறையினர், காகிதம் பொறுக்கும் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித் தரப் போனார்கள். பிள்ளைகள் பகலில் வேலைக்குப் போய்விட்டார்கள். தாய்மாரின் வருமானம் கூடினால்தான் பிள்ளைகள் படிப்பார்கள் என்பது விளங்கியது. படிப்பும் பிழைப்பும் ஒன்றோடொன்று பிணைந்தவை.

1993 மே மாதம் அந்த உழைப்பாளிகள் மாநாடு கூட்டினார்கள். ஒரு சங்கம் பிறந்தது. அதன் பெயர் காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத். காகத் என்றால் காகிதம். காச் என்றால் கண்ணாடி. பத்ரா என்றால் தகரம். கஷ்டகரி என்றால் உழைப்பாளி. சுமைத் தொழிலாளர்களுக்காகப் பாடுபட்ட டாக்டர் பாபா ஆடவ் இதற்கும் துணை நின்றார். சங்கத்தினருக்குப் புனே மாநகராட்சியின் அங்கீகாரத்தோடு அடையாள அட்டை கிடைத்தது. திருடி என்று விரட்டப்பட்டவள், இப்போது அட்டையைக் காட்டி நிமிர்ந்து நின்றாள்.

பிறகு அவர்கள் தங்களுக்கென்று ஒரு கூட்டுறவுச் சேமிப்புக் கடன் சங்கம் அமைத்தார்கள். சிறிது சிறிதாகச் சேமித்தார்கள். அவசரத்துக்கு அங்கேயே குறைந்த வட்டிக்குக் கடன் வாங்கினார்கள். 2008-இல் வீடு வீடாகக் குப்பை சேகரிக்க மாநகராட்சி ‘ஸ்வச்’ என்ற கூட்டுறவு அமைப்போடு ஒப்பந்தம் செய்தது. இந்த உழைப்பாளிகளின் அமைப்புதான் அது.

இப்போது மறுபடி ஆயியின் கணக்குக்கு வாருங்கள். ஒரு சங்கத்தில் அவளுக்கு 10,000 ரூபாய் இரண்டு வட்டிக்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் சுமார் 946 ரூபாய் தவணை. இதில் அசலும் உண்டு, வட்டியும் உண்டு. பன்னிரண்டு மாதத்தில் கடன் முழுவதும் தீர்ந்துவிடும். மொத்த வட்டி சுமார் 1,350 ரூபாய்தான்.

யோசித்துப் பாருங்கள். வட்டிக்காரருக்கு மாதம் 1,000 கட்டினாள். கடன் தீரவில்லை. இங்கே அதைவிடக் குறைவாகக் கட்டினாள். கடன் தீர்ந்தது.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. சங்கக் கடன் கைக்கு வந்தவுடன் அதை வட்டிக்காரரிடம் முழுவதும் கொடுத்துவிட வேண்டும். அவரிடம் இருக்கும் பத்திரத்தைத் திரும்ப வாங்க வேண்டும். இடையில் வேறு செலவு செய்துவிட்டால் கடன் ஒன்று இரண்டாகிவிடும்.

கடனில் இருப்பவர்கள் செய்ய வேண்டியவை இவை.

ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். யாரிடம் வாங்கியது? எவ்வளவு? என்ன வட்டி? என்று வாங்கியது? எல்லாவற்றையும் எழுதுங்கள். எழுதும்போது பயமாகத்தான் இருக்கும். எழுதிய பிறகு பயம் குறையும்.

எந்தக் கடனுக்கு வட்டி அதிகமோ அதை முதலில் தீருங்கள். அதிகம் சத்தம் போடுகிறவருக்கு முதலில் கொடுப்பது வழக்கம். அதனால் வட்டி குறையாது.

வெற்றுத் தாளில் கையெழுத்தோ கைநாட்டோ போடாதீர்கள். கட்டும் பணத்துக்கு ரசீது கேளுங்கள். பாஸ் புத்தகத்தை நீங்களே படித்துப் பாருங்கள்.

வாரத் தவணைக் கடன் எளிதாகக் கிடைக்கிறது என்று நாலு இடத்தில் வாங்காதீர்கள். ஒன்றைக் கட்ட இன்னொன்று வாங்கும் நிலை வரும்.

கையில் மிஞ்சும் பத்து ரூபாயையும் சேமியுங்கள். அடுத்த காய்ச்சலுக்கு அதுவே மருந்து.

சட்டத்தின் துணையும் உண்டு. மகாராஷ்டிரத்தில் உரிமம் இல்லாமல் வட்டித் தொழில் நடத்துவது குற்றம். 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அசலைவிட அதிகமான தொகையை வட்டியாக வட்டிக்காரர் வசூலிக்கக் கூடாது. தமிழ்நாட்டில் கந்து வட்டி, மீட்டர் வட்டி ஆகியவற்றுக்கு எதிராக 2003-இல் சட்டம் வந்தது. ஆனால் தனி ஆளாகப் புகார் கொடுக்கப் பயம் வரும். சங்கமாகப் போனால் பயம் இல்லை. தமிழ்நாட்டில் 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்களும் இந்தப் பலத்தில் வளர்ந்தவைதான்.

சேமிப்பால் எல்லாக் கஷ்டமும் தீர்ந்துவிடாது. உழைப்புக்கு ஏற்ற கூலி வேண்டும். நோய்க்கு நல்ல அரசு மருத்துவமனை வேண்டும். அதைக் கேட்கவும் சங்கம் வேண்டும்.

சிறு துளி பெரு வெள்ளம் என்பது பழமொழி. அது சேமிப்புக்கும் பொருந்தும். வட்டிக்கும் பொருந்தும். எந்த வெள்ளம் உங்கள் வீட்டுக்குள் வர வேண்டும்?

எழுத்து அறிந்தவர் கையில் இப்போது ஒரு பேனா இருக்கிறது. இன்று இரவு, பிள்ளைகள் தூங்கிய பிறகு, நோட்டின் முதல் பக்கத்தில் முதல் கடனை எழுதுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அந்த நோட்டையும் கொண்டுவாருங்கள். கூட்டிக் கழித்துப் பார்க்கப் பக்கத்தில் உட்காருகிறவர் துணை இருப்பார்.