சிறு இடத்தில் வாழும் கெர்னல்



குழந்தைகளின் நாடகத்திற்கும் இரவு விருந்துக்கும் இடையே எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார் செயலாளர். சிறு இடத்தில் குடித்தனம் நடத்துவதைப் பற்றியே பேச வந்திருக்கிறேனாதலால் அது பொருத்தமே.

கணிப்பொறியில் மற்ற நிரல்களையெல்லாம் ஆண்டு நடத்தும் தலைமை நிரலுக்குக் கெர்னல் என்று பெயர். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கெர்னலை எடுத்துக்கொள்வோம். அதில் ஒரு சிறுநிரல் தன் வேலையைப் பாதியில் நிறுத்தி மற்றொன்றை ஏவும்போது, தன் கணக்குகளை ஓரிடத்தில் வைத்துவிட்டுச் செல்கிறது. அவற்றின்மேல் அடுத்தது தன் கணக்குகளை வைக்கிறது. தட்டின்மேல் தட்டாக வளரும் இவ்வடுக்கே ஸ்டாக். சாதாரண நிரலுக்கு இதன் எல்லை வழக்கமாக 8 மெகாபைட். 64 பிட் இன்டெல் வகை இயந்திரத்தில் கெர்னலுக்கோ, 2014 வரை, ஒவ்வோர் இழைக்கும் 8 கிலோபைட்தான். ஆயிரத்தில் ஒரு பங்கு! அதுவும் வளராது.

அடுக்கு மீறினால் என்னவாகும்? அக்காலத்தில் எச்சரிக்கை ஒன்றும் எழாது. பக்கத்திலுள்ள நினைவகத்தின்மேல் ஓசையின்றி எழுதிவிடும்.

என் பிழையையே சொல்கிறேன். 2012-இல் ஒரு டிஸ்க் டிரைவரில் 2,048 பைட் வரிசையொன்றை ஸ்டாக்கிலேயே வைத்தேன். தனியே சோதித்தபோது பழுதில்லை. நினைவகம் நெருக்கடிப்பட்ட ஓர் இரவில், கெர்னல் இடம் தேடிப் பழைய பக்கங்களை டிஸ்க்குக்கு அனுப்பத் தொடங்கியது. ஏவலின்மேல் ஏவலாக அடுக்கு உயர்ந்து, இறுதியில் என் டிரைவரை அடைந்தபோது இடமில்லை. அன்று எழுதிய கோப்புகள் பாழாயின. பிழை வெளிப்பட்ட இடமோ மற்றொருவர் எழுதிய நிரல். அவருக்குக் கடுமையாக ஒரு கடிதம் எழுதினேன். மூன்று வாரம் அவர் நிரலையே துருவினேன்.

பெரிய வரிசையை ஸ்டாக்கிலிருந்து எடுத்து, வேண்டும்போது பொது நினைவகத்தில் இடம் கேட்கலாம் என்பர். டிஸ்க் டிரைவருக்கு அதுவும் ஆபத்து: இடம் வேண்டி மீண்டும் டிஸ்க்கையே நாட நேரும். ஆகவே தொடக்கத்திலேயே இடம் பெற்று வைத்துக்கொள்ள வேண்டும். இன்னொரு நுட்பமும் உண்டு. கம்பைலர் சிறுநிரல்களை ஒன்றாகச் சேர்த்துவிடுவதால், எப்போதோ நடக்கும் கிளையின் சுமையையும் எல்லா நேரமும் சுமக்கிறோம். அக்கிளையைச் சேராதபடி பிரித்து வைத்தால் சுமை குறையும்.

2014-இல் 3.15 பதிப்பில் 16 கிலோபைட்டாக உயர்த்தினார்கள். பத்தாயிரம் இழைகள் ஓடினால் ஸ்டாக்குக்கே 160 மெகாபைட்! வேறு வழியில்லைதான், எனினும் தாராளம் வந்ததும் கை நீளும் என்பது என் அச்சம். 2016-இன் 4.9 பதிப்பில் வந்த காவல் பக்கமே எனக்கு மிகவும் உவப்பானது. அதை இயக்கி வைத்தால், அடுக்கு எல்லை மீறிய கணமே அகப்பட்டுவிடும்.

2,048 பைட்டை மீறும் சிறுநிரலைப் பற்றி எச்சரிக்கும் ஏற்பாடு அன்றே கம்பைலரில் இருந்தது. தொல்லையென்று நான்தான் அதனை அணைத்து வைத்திருந்தேன். திருத்தம் நான்கே வரிகளில் முடிந்தது. மன்னிப்புக் கடிதம் இரண்டு பக்கம் வந்தது.