பாடமாகப் பார்த்த படங்கள்

(கழகத்தின் வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கல்விக் கழகத்தின் வெள்ளிவிழா மேடையில் சினிமாவைப் பற்றிப் பேசுவதா என்று பெரியவர்கள் சிலர் எண்ணக்கூடும். தேர்வு, உதவித்தொகை, விடுதி, வேலைவாய்ப்பு ஆகியவற்றைப் பற்றியே நாம் இம்மேடையில் பேசிப் பழகியிருக்கிறோம். ஆயினும் திரைப்படம் இன்று கல்லூரியில் பாடமாகிவிட்டது; காரைக்கால் கொம்யூன் பகுதிகளிலிருந்து நம் பிள்ளைகளும் அப்பாடத்தைத் தேடிச் செல்கிறார்கள். அவ்வாறு சென்று பயின்ற காலத்தில், உலகப் புகழ்பெற்றவை என்று சொல்லி வகுப்பில் காட்டப்பட்ட படங்களை நாம் எவ்வாறு பார்த்தோம், பார்த்தபோது மனத்தில் பட்டது யாது என்று கூறுமாறு செயலாளர் பணித்தார். அதையே கூற முற்படுகிறோம்.

எந்தத் திரைப்பட வகுப்பும் பிரெஞ்சு நாட்டு லூமியேர் சகோதரர்களிடமிருந்தே தொடங்கும். 1895 டிசம்பர் 28ஆம் நாள் பாரீசில் அவர்கள் கட்டணம் பெற்றுக் காட்டிய முதற்காட்சியில், ஒரு தொழிற்சாலைக் கதவு திறந்து தொழிலாளர் வெளியே வரும் படமும் இருந்தது. ஒரு நிமிடங்கூட ஓடாத படம். வெளியே வருவோரில் பெண்களே மிகுதி. அந்நாளில் காரைக்காலும் அதே பிரெஞ்சுக் கொடியின் கீழிருந்தது; நம் பாட்டன் பூட்டன்மார் அவ்வேளையில் யார் வயலில் நின்றிருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டோம். திரை முதலில் காட்டிய மனிதர்கள் உழைப்பாளிகள் என்பதில் ஒரு மகிழ்ச்சி உண்டாயிற்று. அவர்கள் வெளிவந்த தொழிற்சாலையும் படம் பிடித்த கருவியும் ஒரே முதலாளிக்குச் சொந்தம் என்று ஆசிரியர் சொன்னவுடன் அம்மகிழ்ச்சி சற்றுக் குறைந்தது. கருவி யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி அன்று தொடங்கியது. இன்னும் நம்மை விட்டபாடில்லை.

மனம் நிறைந்து பார்த்த படமும் உண்டு. இத்தாலிய இயக்குநர் டி சிக்கா 1948இல் எடுத்த 'சைக்கிள் திருடர்கள்' அத்தகையது. சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைத்த ஒருவனுக்கு அவ்வேலையில் சேரச் சைக்கிள் வேண்டும். சைக்கிளோ அடகில் இருக்கிறது. அவன் மனைவி கட்டிலில் விரித்த துணிகளை உருவித் துவைத்து மூட்டை கட்டி அடகு வைத்து அதை மீட்கிறாள். அடகுக்கடைப் பணியாள் அந்த மூட்டையைச் சுமந்துகொண்டு, கூரையை முட்டும் அடுக்குகளின்மேல் ஏறுகிறான். அத்தனை அடுக்கிலும் ஊரார் படுக்கைத் துணிகள்! கேமரா நகரும் அழகைக் கவனியுங்கள் என்றார் ஆசிரியர். நமக்கோ ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேலையற்ற நாட்களில் நம் தெருவிலிருந்து அடகுக்கடைக்குப் போகும் அண்டாவும் குடமும் கண்முன் வந்தன. தலைமை வேடத்தில் நடித்தவர் உண்மையிலேயே ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி. அவர் நடையில் நடிப்பு இல்லை. நம் தந்தையர் நடக்கும் நடை அது. மொழி தெரியாத நாட்டின் படம் இவ்வளவு நெருங்கி வந்ததே, நம் தமிழ்ப்படங்கள் ஏன் வரவில்லை என்று நினைக்கத் தலைப்பட்டது அன்றுதான்.

அடுத்து நந்தனார். இங்கே சற்று நின்று பேச வேண்டும். ஏனெனில் இது நம் மண்ணின் கதை. நந்தி விலகியதாகச் சொல்லப்படும் திருப்புன்கூர், வைத்தீசுவரன்கோயிலை அடுத்து இருக்கிறது. 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை' பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் நம் எல்லைக்கு அருகேயுள்ள நரிமணத்தில் பிறந்தவர். அந்நூல் அச்சேறுவதற்குக் காரைக்காலில் அதிகாரியாயிருந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர் துணைநின்றார் என்பதும் வரலாறு. சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் நந்தனாரை அடிமைகொண்ட வேதியர் என்று ஒருவர் இல்லை; நாற்பது வேலி நிலமும் இல்லை. ஆதனூர்ப் புலைப்பாடியில் வாழ்ந்து, கோயில் முரசுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுத்த தொண்டராகவே அவர் அங்குக் காணப்படுகிறார். பண்ணையாரையும் பண்ணையாளையும் கதைக்குள் கொண்டுவந்தவர் பாரதியார். தம் காலத்துக் கீழத்தஞ்சையைக் கண்ணால் கண்டவர் அவர். அவர் எக்கருத்தில் செய்தாராயினும், அடிமைத்தனத்தை அப்பட்டமாக எழுதிக் காட்டியதற்கு நாம் அவருக்கு ஒரு வகையில் கடன்பட்டவர்களே.

1935இல் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்தார். அதற்கு ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் பெற்றார் என்பது அந்நாளில் பெரும் பேச்சு. 1942இல் ஜெமினி நிறுவனம் எடுத்த படத்தில் தண்டபாணி தேசிகர் நந்தனாராகவும் செருகளத்தூர் சாமா வேதியராகவும் நடித்தனர். வகுப்பில் நாம் கண்டது இந்தப் படத்தை. தேசிகரின் இசைக்கு யாரும் உருகுவர், நாமும் உருகினோம். ஆனால் சேரி திரையில் வரும்போதெல்லாம் உடல் கூசியது. நந்தன் ஒருவனே தூயவன். மற்றையோர் கள்ளும் பலியுமாய்க் கிடப்பவர்கள். நம் தெய்வங்கள் அங்கே கேலிக்குரியவை. ஒருவனை உயர்த்துவதற்கு ஊர் முழுவதையும் தாழ்த்த வேண்டுமா என்று வகுப்பில் கேட்டோம். அது கதையின் தேவை என்று மறுமொழி கிடைத்தது.

அந்த நாற்பது வேலிக்கு வருவோம். சிதம்பரம் போக விடை கேட்கும் நந்தனிடம், நாற்பது வேலியின் வேளாண்மையை முடித்துவிட்டுப் போ என்கிறார் வேதியர். இறைவன் அருளால் ஓரிரவில் அது முடிகிறது. விடுமுறையில் வந்தபோது இக்கதையை நம் வீட்டுப் பாட்டியிடம் சொன்னோம். அவர் நடவு நட்டுக் கதிரறுத்துத் தேய்ந்த கைக்காரர். பக்தியில் குறைந்தவரும் அல்லர். முழுவதையும் கேட்டுவிட்டு, "சாமி வந்து அறுத்திடுச்சு, சரி. கூலி யாருக்குப்பா போச்சு?" என்றார். ஒரு வேலி ஏறத்தாழ ஆறே முக்கால் ஏக்கர். நாற்பது வேலி ஏறக்குறைய 270 ஏக்கர். ஓர் ஏக்கர் கதிரறுக்க ஒரு நாளைக்குப் பதினைந்து ஆளேனும் வேண்டும் என்பது பாட்டியின் கணக்கு. அவ்வாறாயின் அறுப்புக்கு மட்டும் நாலாயிரம் ஆள்கூலி! அற்புதம் நிகழும் இடத்தில் மறைந்துபோவது அந்த நாலாயிரம் பேருடைய உழைப்பு. இவ்வளவு கூர்மையாக அக்காட்சியை ஆராய்ந்த கட்டுரை எதனையும் நாம் படித்ததில்லை.

இறுதியில் தீ. தில்லைக் கோயிலுள் நுழைய நந்தன் நெருப்பில் மூழ்கி எழ வேண்டும். படம் வெளிவந்தது 1942இல். அதற்கு மூன்றாண்டு முன்னரே, 1939 ஜூலை 8ஆம் நாள், வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் உள்ளிட்ட நம்மவர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் நடந்தே சென்றுவிட்டனர், சட்டமும் வந்துவிட்டது. நாட்டில் கதவு திறந்த பின்னும் திரையில் நெருப்பு அணையவில்லை. அந்நெருப்புக் காட்சியை எவ்வாறு ஒளிப்பதிவு செய்திருப்பார்கள் என்று வகுப்பில் நெடுநேரம் பேசினார்கள். நம்மால் அப்பேச்சில் கலந்துகொள்ள இயலவில்லை. 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு கீழ்வெண்மணியில் இராமய்யாவின் குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அந்த ஊர்ப்பக்கம் பெண் கொடுத்து எடுத்தவர்கள் இந்த அவையிலேயே இருக்கிறார்கள். கீழத்தஞ்சையில் பிறந்த ஒருவன், நெருப்பில் இறங்கும் நந்தனைக் கலைநுட்பமாக மட்டும் பார்ப்பது எங்ஙனம்? பண்டிதர் அயோத்திதாசர் நந்தனைப் பௌத்த அரசனாகவும், சூழ்ச்சியால் வீழ்த்தப்பட்டவனாகவும் எழுதியதன் பொருள் அன்று நமக்கு விளங்கியது. அவர் கூறியது வரலாற்றுக்கு எவ்வளவு ஒத்துவரும் என்பதை அறிஞர்கள் ஆராயட்டும். தீயிலிருந்து நந்தனை மீட்க அவர் முயன்றார் என்பதே நமக்குப் போதும்.

வெண்மணியைத் தழுவிய இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' நாவலை அடியொற்றி, ஸ்ரீதர் ராஜன் 1983இல் 'கண் சிவந்தால் மண் சிவக்கும்' என்ற படத்தை எடுத்தார். இயக்குநரின் முதற்படத்துக்கான தேசிய விருதும் பெற்றது. நம் பாடத்திட்டத்தில் அதற்கு இடமில்லை.

'மதுரை வீரன்' பற்றிச் சுருங்கச் சொல்லலாம். 1956இல் எம்.ஜி.ஆர். நடித்து ஓடோடென்று ஓடிய படம். பேராசிரியர் கா. சிவத்தம்பி ஒரு கருத்துச் சொல்வார்: தமிழர் எல்லாரும் சாதி பாராமல் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து பார்த்த முதற்கலைக்கூடம் சினிமாக் கொட்டகைதான் என்பார். அக்கொட்டகையின் மணல்தரையில் அமர்ந்து, நம் குலதெய்வம் குதிரைமேல் வருவதை நம் மூத்தோர் கண்டு கைதட்டினார்கள். அந்தப் பெருமிதம் பொய்யன்று. ஆனால் படத்தில் வீரன் பிறப்பால் அரசகுமாரன்; காட்டில் விடப்பட்டுச் செருப்புத் தைக்கும் குடும்பத்தில் வளர்கிறான். பழைய கதைப்பாடலிலும் இப்படியே இருக்கிறது. இது பிற்காலத்தில் ஒட்டியது என்று கருதும் ஆய்வாளரும் உளர். வளர்த்த தாய்தந்தையராக என். எஸ். கிருஷ்ணனும் மதுரமும் வந்து சிரிக்க வைக்கிறார்கள். வீரம் அரண்மனைக்கு, சிரிப்பு சேரிக்கு என்ற பங்கீடு நமக்கு உவப்பாயில்லை.

சத்யஜித் ராய் 1981இல் தூர்தர்ஷனுக்காக எடுத்த 'சத்கதி' இவை எல்லாவற்றினும் வேறானது. பிரேம்சந்தின் சிறுகதை. தோல் தொழிலாளியான துக்கி, மகளின் நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்துத் தருமாறு புரோகிதரை அழைக்கப் போகிறான். காய்ச்சலில் கிடந்து எழுந்த உடம்பு; வயிற்றில் ஒன்றுமில்லை. வாசல் பெருக்கு, மூட்டை சும, இந்தக் கட்டையைப் பிள என்று வேலைமேல் வேலை வருகிறது. கட்டை பிளக்கவில்லை, துக்கி விழுந்து சாகிறான். ஓம் பூரி அந்தக் கோடரியை ஓங்கும்போது, அவன் கோபம் முழுவதும் கட்டைமேல் இறங்குவதைக் காண்கிறோம். அது இறங்க வேண்டிய இடம் நாலடி தள்ளித் திண்ணையில் இருக்கிறது. பிணத்தைத் தொட மாட்டாத புரோகிதர், கழியால் காலைத் தூக்கிக் கயிற்றுச் சுருக்கை மாட்டி, மழை ஈரத்தில் இழுத்துக்கொண்டு போய், செத்த மாடுகள் கிடக்கும் இடத்தில் போடுகிறார். பிறகு வந்து தண்ணீர் தெளிக்கிறார்.

விளக்குகள் எரிந்தபோது உடன்பயின்றோர் அந்தக் கயிற்றுக் காட்சியின் அமைப்பைப் பாராட்டினர். பாராட்டத்தக்கதே; ராய் ஒரு சொல்லும் மிகையாகப் பேசவில்லை. ஆனால் செத்த மாட்டை இழுத்துப்போவது எந்தத் தெருவின் கடமையாக இருந்தது என்று அவர்களில் எவருக்கும் தெரியவில்லை. நம் நெஞ்சில் தங்கியது வேறொரு காட்சி. கோண்டு இனத்தவன் ஒருவன் சேரிக்குச் சென்று எச்சரிக்க, பிணத்தை எடுக்கமாட்டோம் என்று அங்குள்ளோர் மறுத்துவிடுகிறார்கள். படத்தில் அது சிறிது நேரமே. அந்த மறுப்பு நம் வரலாற்றில் மிகப் பெரிது. செத்த மாடு தூக்கமாட்டோம், சாவுக்குப் பறையடிக்கமாட்டோம் என்று சொன்னதற்காக எத்தனை சேரிகள் அடிபட்டன! காட்டுமன்னார்கோயில் இளையபெருமாள் போன்றோர் வாழ்நாளெல்லாம் செய்த வேலை அதுவே. ராய் அதன்மேல் இன்னும் ஐந்து நிமிடம் கேமராவை நிறுத்தியிருக்கக் கூடாதா என்ற ஆசை இன்னும் போகவில்லை.

இப்படியெல்லாம் மனம் புண்படுமாயின் இப்படங்களைப் பார்ப்பானேன் என்று ஓர் இளைஞர் முன்பு கேட்டார். அமெரிக்காவில் கிரிஃபித் என்பவர் 1915இல் எடுத்த 'ஒரு தேசத்தின் பிறப்பு' உலகெங்கும் படத்தொகுப்புப் பாடமாகக் காட்டப்படுகிறது. இரு இடங்களின் நிகழ்ச்சிகளை மாறிமாறிக் காட்டி நெஞ்சைப் பதறவைக்கும் உத்தியில் அவர் பெரிய கைகாரர். அந்த உத்தியால் நம்மை யாருக்காகப் பதறவைக்கிறார் தெரியுமா? கறுப்பின மக்களை வேட்டையாடிய முகமூடிக் கூட்டத்தாருக்காக! அப்படம் நியூயார்க்கில் ஓடிய ஆண்டில் அண்ணல் அம்பேத்கர் அதே நகரில் கொலம்பியாப் பல்கலைக்கழக மாணவராயிருந்தார். கறுப்பின மக்கள் பல நகரங்களில் அதை எதிர்த்துக் கிளர்ந்தார்கள். ஆஸ்கர் மிஷோ என்ற கறுப்பினத்தவர், அடிமையாய்ப் பிறந்தவரின் மகன், 1920இல் 'நம் வாயில்களுக்குள்ளே' என்ற படத்தையே எடுத்துவிட்டார். கிரிஃபித்தின் உத்தி அவருக்கும் கைவந்திருந்தது. அப்படத்தின் கதை யாது? ஏழைக் கறுப்பினக் குழந்தைகளின் பள்ளி மூடிப்போகாதிருக்கப் பணம் திரட்டப் புறப்படும் ஓர் ஆசிரியையின் கதை. இருபத்தைந்து ஆண்டுகளாக ரசீதுப் புத்தகத்தோடு வீடுவீடாக ஏறி இறங்கிய நம் பொறுப்பாளர்கள் அதைப் பார்த்தால் தங்களையே காண்பார்கள்.

அப்படம் காணாமற்போய், ஸ்பெயின் நாட்டில் ஒரு பிரதி கிடைத்து, 1993இல் சீர்செய்யப்பட்டது. மலையாளத்தின் முதற்படமான 'விகதகுமாரன்' அவ்வாறு கிடைக்கவில்லை. அதில் நாயகியாக நடித்த பி. கே. ரோசி நம்மைப் போல் ஒடுக்கப்பட்ட குலத்தவர். நாயர் பெண்ணாக வேடமிட்டார் என்பதற்காக ஊரைவிட்டே துரத்தப்பட்டுத் தமிழகம் வந்து சேர்ந்தார். எந்த வகுப்பிலும் எவரும் காட்ட முடியாத படம் அது.

இன்று நிலைமை மாறிவருகிறது. நாகராஜ் மஞ்சுளேயின் 'ஃபன்றி' 2013இல் வந்தது. முடிவில் பன்றி பிடிக்கும் குடும்பத்துச் சிறுவன் விட்டெறியும் கல் நேரே நம் முகத்தை நோக்கி வருகிறது. துக்கியின் கோடரி கட்டையில் சிக்கி நின்றது. இந்தக் கல் சிக்கவில்லை. 'பரியேறும் பெருமாள்' 2018இல் வந்ததை நீங்கள் எல்லாரும் அறிவீர்கள்.

கழக நூலகக் கூடத்தில் மாதம் ஒரு படம் திரையிடுவது என்று செயற்குழுவில் பேச்சு நடந்திருக்கிறது. முதற்படமாக 1942இன் நந்தனாரையே வைக்கலாம் என்பது நம் கோரிக்கை. வயல்வேலை அறிந்த தாய்மார்கள் முன்வரிசையில் அமரவேண்டும். நாற்பது வேலி வரும் இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு அவர்களைப் பேசச் சொல்வோம். பிள்ளைகள் ஏட்டில் குறித்துக்கொள்ளட்டும்.